காதுத் துளைக்குப் பொருள் தருவது எது? காதணி குறித்த சமூகப் பார்வைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

மனித உடலில் துளையிடுவதற்கு மிக எளிய இடம் காதுச்சோணை. செவியின் மேற்பகுதி முழுவதும் குருத்தெலும்பால் ஆனது. சோணையிலோ குருத்தெலும்பு இல்லை, கொழுப்பும் இணைப்புத் திசுவுமே உள்ளன. இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் அங்கு இடும் துளை பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். கூர்மையான முள்ளோ எலும்போ கிடைத்தாலே இது செய்யக்கூடிய செயல் என்பதால், மனிதர் தம் உடலில் செய்துகொண்ட மாற்றங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாகவும் உலகெங்கும் பரவியதாகவும் காது குத்துதல் விளங்குகிறது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆணின் உடலில் காதுச்சோணைகள் துளையிடப்பட்டு விரிவாக்கப்பட்டிருந்தன. எகிப்தின் இளம் மன்னர் துட்டன்காமுனின் பொன்முகமூடியிலும் காதுத் துளைகள் உள்ளன.

செயல் எங்கும் ஒன்றே. ஆனால் அதற்குச் சமூகங்கள் கொடுத்த பொருள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. ஓரிடத்தில் அடிமையின் குறியாக இருந்தது, வேறோரிடத்தில் அரச குலத்தாரின் உரிமையாக இருந்தது. ஓரிடத்தில் பெண்மையின் அடையாளமாகக் கருதப்பட்டது, இன்னோரிடத்தில் வீரர்கள் விரும்பி அணிந்தது. ஒரு சமயம் அதைச் சடங்காக விதித்தது, மற்றொரு சமயம் விலக்கியது. இவ்வளவு முரண்பாடு ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படைக் கருத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: அடையாளம் என்பது வேறுபாட்டில்தான் பிறக்கிறது. ஒரு சமூகத்தில் எல்லோருடைய காதுகளும் குத்தப்பட்டிருந்தால் அங்கே துளை எதையும் சொல்வதில்லை. குத்தாத காதுதான் கேள்வியை எழுப்பும். சிலர் மட்டும் குத்தியிருக்கும் இடத்தில் அந்தத் துளையே அவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். ஆகவே, “காதணி எதைக் குறிக்கிறது?” என்று கேட்பதைக் காட்டிலும், “அந்தச் சமூகத்தில் யார் காதணி அணிந்தார்கள், யார் அணியவில்லை?” என்று கேட்பதே பயன் தரும்.

கிரேக்க வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கி.மு. 401இல் பாரசீகப் பேரரசின் நடுப்பகுதியில் கிரேக்கக் கூலிப்படை ஒன்று தலைவர்களை இழந்து தவித்தது. என்ன செய்வது என்று ஆலோசிக்கும் கூட்டத்தில் அப்பொல்லோனிதேஸ் என்பவன் பாரசீக மன்னனிடம் பணிந்துவிடுவதே வழி என்று வாதிட்டான். அவன் பேசியது கிரேக்க நாட்டின் பொயோத்தியா வட்டார வழக்கு. ஆனால் கூட்டத்திலிருந்த ஒருவர், அவனுடைய இரு காதுகளும் பாரசீக ஆட்சிக்கு உட்பட்ட லிடியா நாட்டவரைப் போல் துளையிடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். பார்த்தபோது அது உண்மையாகவே இருந்தது. உடனே அவனைத் துரத்திவிட்டார்கள். அப்படையை வழிநடத்தியவர்களுள் ஒருவரான செனபோன் இதைப் பதிவு செய்துள்ளார். பேச்சை மாற்றிக்கொள்ளலாம், உடையை மாற்றிக்கொள்ளலாம். காதை மாற்றிக்கொள்ள முடியவில்லை. அன்றைய கிரேக்க ஆண்கள் காது குத்திக்கொள்ளாததால்தான் அந்தத் துளைக்கு அவனைக் காட்டிக்கொடுக்கும் வலிமை வந்தது. அதே காலத்தில் பாரசீகத்தில் ஆண்கள் காதணி அணிவது இயல்பாக இருந்தது. சூசா அரண்மனையின் வண்ணமேற்றிய செங்கல் சுவரில் வரிசையாக நிற்கும் வில்வீரர்களின் காதுகளில் வளையங்களைக் காணலாம்.

இந்த வேறுபாடு துளை உண்டா இல்லையா என்பதோடு நிற்பதில்லை. எத்தனை துளை என்பதிலும் அமையக்கூடும். சீனாவை 1644 முதல் 1911 வரை ஆண்ட சிங் மரபினர் மஞ்சு இனத்தவர். மஞ்சுப் பெண்கள் ஒரு காதுக்கு மூன்று காதணிகள் அணிவது மரபு. சீனாவின் பெரும்பான்மையினரான ஹான் இனப் பெண்கள் ஒன்று மட்டும் அணிவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட சியென்லுங் பேரரசர், அரண்மனைக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு வந்த மஞ்சு வகுப்புப் பெண்களிற் சிலர் ஒற்றைக் காதணியோடு நிற்பதைக் கண்டு, மரபைக் கைவிடக் கூடாது என்று கண்டித்தார். ஆளும் இனம் எண்ணிக்கையில் சிறியது; பெரும்பான்மையில் கரைந்துபோகும் அச்சம் அதற்கு எப்போதும் இருந்தது. அந்த அச்சம் பேரரசரின் கண்ணில் பட்ட இடம் ஒரு பெண்ணின் காதாக இருந்தது என்பது நம் சிந்தனைக்குரியது.

காதணியின் பொருள் ஒரே இடத்தில் எவ்வளவு விரைவாகத் தலைகீழாக மாறக்கூடும் என்பதற்கு இத்தாலியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் முக்காடுகளும் தலைத்துணிகளும் காதை மறைத்ததால் காதணி ஏறக்குறைய வழக்கொழிந்துபோயிற்று. ஆனால் அங்கு வாழ்ந்த யூதப் பெண்களில் பலர் தொடர்ந்து காதணி அணிந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில், யூதர்களைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும் என்று பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தபோது, வட இத்தாலிய நகரங்கள் சில யூதப் பெண்கள் கட்டாயம் காதணி அணிய வேண்டும் என்று சட்டமே இயற்றின. அதுவரை அப்பெண்களுக்கு அழகாக இருந்த ஒன்று, சட்டத்தின் ஒரு வரியால் இழிவின் முத்திரையாக்கப்பட்டது. காதணி அதே காதணிதான். பெண்ணும் அதே பெண்தான். அணிந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் புதியது. பின்னர் பதினாறாம் நூற்றாண்டில் காற்று திசைமாறியது. 1525இல் வெனிஸ் நகர நாட்குறிப்பாளர் மரீனோ சனூடோ, உயர்குடிப் பெண் ஒருத்தி வட ஆப்பிரிக்காவின் மூர் இனத்தவரைப் போலக் காது குத்தி முத்துக் கோத்த வளையம் அணிந்திருந்ததைக் கண்டு தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே முத்துக் காதணி ஐரோப்பிய அரச குடும்பத்து ஓவியங்களில் பெருமையோடு இடம்பிடித்துவிட்டது. ஒரு காலத்தில் சட்டம் இழிவாக வரையறுத்ததை இரண்டு மூன்று தலைமுறைக்குள் அரசிகள் அணிந்தார்கள் எனில், அந்த இழிவு பொருளில் எப்போதுமே இருந்ததில்லை என்பது வெளிப்படை.

விவிலியத்தின் யாத்திராகமத்திலேயே இரண்டு வேறு காதுகள் வருகின்றன. ஆறு ஆண்டு வேலை செய்தபின் விடுதலை பெறும் உரிமையுள்ள எபிரேய அடிமை, தன் எஜமானையும் மனைவி மக்களையும் விட்டுப் போக விரும்பாவிட்டால், கதவு நிலையருகே நிறுத்தி அவன் காதைக் கம்பியினால் குத்த வேண்டும் என்றும், அதன்பின் அவன் என்றைக்கும் அடிமை என்றும் ஒரு விதி கூறுகிறது. அதே நூலில் பொற்கன்று செய்வதற்காக மனைவியர், மகன்கள், மகள்கள் ஆகியோரின் காதுகளிலிருந்த பொன்னணிகள் கழற்றித் தரப்படுகின்றன. அங்கே ஆண்பிள்ளைகளும் காதணி அணிந்திருந்தார்கள் என்பதையும், அதில் இழிவேதும் காணப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடிமையைக் குறித்தது துளை மட்டுமல்ல. எல்லோரும் அறிய, எஜமானின் கையால், கதவோடு சேர்த்துக் குத்தப்பட்ட சடங்கே அதற்குப் பொருள் தந்தது.

இதற்கு நேர்மாறாக, தென் அமெரிக்காவின் இன்கா பேரரசில் காது குத்துதல் உயர்குடிச் சிறுவர்கள் ஆண்களாக ஏற்கப்படும் சடங்கின் பகுதி. துளையில் பெரிய வட்ட அணிகளைச் செருகிச் சோணையை விரித்தார்கள். சாதாரண மக்களுக்கு அந்த உரிமை இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வந்த ஸ்பானியர்கள் அப்பிரபுக்களைப் பெருங்காதர்கள் என்றே குறிப்பிட்டார்கள். ஆசியாவில் புத்தர் சிலைகளின் நீண்ட காதுகளுக்கும் இத்தகைய பின்னணி உண்டு. இளவரசராக இருந்தபோது அணிந்த கனத்த காதணிகளால் அவை நீண்டன என்றும், துறவின்போது அணிகளைக் கழற்றியபின் வெறுங்காதுகளாக நின்றன என்றும் பொதுவாக விளக்குவர். அணிந்திருப்பது செல்வத்தைக் காட்டுகிறது. அணிந்து பின் துறந்தது துறவைக் காட்டுகிறது. துளையும் நீளமும் இருந்து அணி மட்டும் இல்லாத காது, ஒரு வாழ்க்கை வரலாற்றையே சொல்லிவிடுகிறது.

சமயங்களின் நிலைப்பாடுகளைப் பார்க்கும்போது, பலர் நினைப்பதுபோல் அவை அழகைப் பற்றியவையாக இருப்பதில்லை. பெரும்பாலும் உடல் யாருடையது என்ற கேள்வியைப் பற்றியவை. கன்பூசிய நெறியில் உடலும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைச் சிதைக்காமல் காப்பதே பெற்றோர் மீதான பக்தியின் தொடக்கம் என்று போதிக்கப்படுகிறது. கொரியாவின் வரலாறு இதற்குச் சான்று. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சில்லா அரசின் கல்லறைகளிலிருந்து அற்புதமான பொற்காதணிகள் கிடைத்துள்ளன. கொரிய ஆண்களிடையே காது குத்தும் வழக்கம் அதன்பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. கன்பூசிய நெறியை அரச நெறியாகக் கொண்ட சோசன் மரபில், 1572இல் மன்னர் சொன்ஜோ, பெற்றோர் தந்த உடலைத் துளைப்பது தகாது என்றும், இவ்வழக்கம் சீனர்களின் ஏளனத்துக்கு இடம்தருகிறது என்றும் கூறி ஆண்கள் காதணி அணிவதைத் தடைசெய்தார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டாவதைக் கூர்ந்து பார்த்தால், பக்தியோடு பக்கத்து நாட்டின் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கவலையும் அங்கே கலந்திருப்பது விளங்கும்.

இந்தியத் துணைக்கண்டத்தில் காது குத்துதல் வைதிக மரபின் சடங்குகளுள் ஒன்று. ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொதுவானது. நாத யோகியர் எனப்படும் சைவத் துறவியரில் ஒரு பிரிவினர் தீட்சையின்போது காதின் நடுப்பகுதியையே பிளந்து பெரிய வளையம் அணிவர். அதே மண்ணில் தோன்றிய சீக்கிய நெறியின் ஒழுக்க விதிகளோ அணி பூணுவதற்காக மூக்கையோ காதையோ குத்துவதை விலக்குகின்றன. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் பெண்களுக்கு அனுமதித்து, ஆண்களுக்குப் பெண்களைப் போல் ஒப்பனை செய்வதாகும் என்று விலக்கினர். கிறித்தவத்தில் சில புராட்டஸ்டன்ட் சபைகள் எளிமையின் பொருட்டு அணிகலன் அனைத்தையுமே தவிர்க்கச் சொல்கின்றன. ஒவ்வொரு விலக்கிலும் காரணம் வேறு என்பதைக் கவனித்தால், “மதங்கள் காதணியை எதிர்க்கின்றன” என்றோ “ஆதரிக்கின்றன” என்றோ பொதுவாகச் சொல்வது எவ்வளவு மேம்போக்கானது என்பது புரியும்.

ஆண்கள் காதணி அணிவது குறித்த சர்ச்சை பல நாடுகளில் இன்னும் ஓயவில்லை. காதணி இயல்பாகவே பெண்களுக்கு உரியது என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. வரலாறு அந்த எண்ணத்துக்குத் துணைநிற்பதில்லை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளில் ஆண்கள் ஒற்றைக் காதில் முத்து அணிவது நாகரிகமாக இருந்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் 1649இல் தலை துண்டிக்கப்பட்டபோதும் தம் முத்துக் காதணியை அணிந்திருந்தார். அதன்பின் ஆண்களின் உடை மெல்ல மெல்ல அடக்கமான நிறங்களுக்கும் அணியற்ற தோற்றத்துக்கும் மாறியது. காதணி கடலோடிகள் போன்ற சில கூட்டத்தாரிடம் மட்டும் எஞ்சியது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஹிப்பிகள், பங்க் இளைஞர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், பின்னர் இசைக் கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் அதை மீட்டெடுத்தபோது, மேலை நாடுகளில் பெரும்பாலான ஆண்கள் அணியாததாலேயே அது உரத்துப் பேசும் குறியாயிற்று. எந்தக் காதில் அணிகிறார் என்பதை வைத்து ஒருவருடைய பாலியல் விருப்பத்தை ஊகிக்கும் வழக்கமும் அமெரிக்காவில் அப்போது பரவியது. அங்கே இல்லினாய் மாநிலப் பள்ளி ஒன்று, காதணி வன்முறைக் கும்பல்களின் அடையாளம் என்று கூறி மாணவர்களுள் ஆண்களுக்கு மட்டும் தடைவிதித்தது. 1987இல் கூட்டரசு நீதிமன்றம் அத்தடையைச் செல்லும் என்றது. ஆண்களின் காதணி பெருகப் பெருக இத்தகைய ஊகங்கள் வலுவிழந்தன. எல்லோரும் அணியத் தொடங்கியபின் எந்தக் காதும் எதையும் அறிவிக்காது அல்லவா?

பெண்களின் காதணியும் மேலை நாடுகளில் எப்போதும் ஏற்புடையதாக இருந்ததில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடுத்தர வகுப்பினர் பலர் காது குத்துவதை நாகரிகமற்ற செயலாகவும், குடியேறி வந்தவர்களின் பழக்கமாகவும் கருதினர். அதற்காக அவர்கள் காதணியைக் கைவிடவில்லை. துளையே இல்லாமல் திருகாணியால் இறுக்கியோ கவ்வியால் கவ்வவைத்தோ அணியும் காதணிகள் அப்போதுதான் பெருவழக்காயின. அணி வேண்டும், ஆனால் துளை கூடாது. வெறுப்பு அணியின் மீதன்று, அத்துளையோடு நினைவுக்கு வந்த மக்களின் மீது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 1960களில் இளம்பெண்கள் மீண்டும் காது குத்தத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் மங்கியது.

சோணையை நீட்டி வளர்க்கும் மரபுகள் இதைவிட வருத்தமான பாதையில் சென்றன. போர்னியோத் தீவின் உள்நாட்டுப் பழங்குடிப் பெண்கள் பித்தளை வளையங்களின் எடையால் சோணையைத் தோள் வரை நீளச் செய்தார்கள். தென்னிந்தியாவில் பாம்படம் அணிந்த பெண்களின் காதுகளும் அப்படியே. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் மக்களிடையே ஆண், பெண் இருவருமே விரிந்த சோணை கொண்டிருந்தனர். பள்ளிக்கும் நகரத்துக்கும் சென்ற அடுத்த தலைமுறைக்கு அது பின்தங்கிய தன்மையின் குறியாகத் தோன்றியது. போர்னியோவில் பல பெண்கள் தொங்கும் சோணையை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். தாயின் கண்ணில் அழகாகவும் பொறுமையின் பலனாகவும் இருந்த ஒன்றை மகள் மறைக்க வேண்டியதாயிற்று. அதே காலத்துக்குச் சில பத்தாண்டுகள் கழித்து மேலை நாட்டு நகரங்களில் இளைஞர்கள் விலை கொடுத்துத் தம் சோணைகளை விரிக்கத் தொடங்கினர் என்பது வரலாற்றின் நியாயமற்ற பக்கம் என்றே எண்ணுகிறேன்.

உடல்நலம் குறித்த நம்பிக்கைகளையும் இங்கே பேச வேண்டும், ஏனெனில் காது குத்துவதை ஆதரிப்பவர்கள் அடிக்கடி அவற்றையே காரணமாகச் சொல்கிறார்கள். பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை, குழந்தையைத் தீங்கிலிருந்து காக்கவும் அழகுக்காகவும் ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் காது குத்த வேண்டும் என்கிறது. சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடத்தைத் தேர்ந்து குத்த வேண்டும், ஆண் குழந்தைக்கு வலக்காதிலும் பெண் குழந்தைக்கு இடக்காதிலும் தொடங்க வேண்டும், பின்னர் பஞ்சுத் திரியை நுழைத்து எண்ணெயிட வேண்டும் என்று நுட்பமாக விவரிக்கிறது. கிழிந்த சோணையை இணைக்கும் பதினைந்து முறைகளையும் அது தருகிறது; ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவத்தின் வரலாற்றில் இப்பகுதிக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் காது குத்தினால் பார்வை கூர்மையாகும், நோய்கள் விலகும் என்ற நம்பிக்கைகளுக்கு இன்றைய மருத்துவத்தில் சான்று இல்லை. இந்தியாவில் மட்டுமன்றி ஐரோப்பியக் கடலோடிகளிடமும் பார்வை பற்றிய இதே நம்பிக்கை இருந்தது. மரபை அதன் அழகுக்காகவும் உறவுகளைக் கூட்டும் ஆற்றலுக்காகவும் மதிக்கலாம்; அதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை.

மருத்துவம் உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு. காதணியால் வரும் ஒவ்வாமைகளில் மிகப் பொதுவானது நிக்கல் உலோகத்தால் வருவது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் இயற்றிய விதியின் மூலம் அணிகலன்களிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. மேல்காதின் குருத்தெலும்பில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கு இடும் துளை ஆறப் பல மாதங்கள் ஆகலாம். தொற்று ஏற்பட்டால் காதின் வடிவமே சிதையக்கூடும். தழும்பு மிகையாக வளரும் தன்மை குடும்பத்தில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின் குத்துவதே நல்லது.

இன்றைய விவாதம் பெரும்பாலும் கைக்குழந்தைகளைச் சுற்றியே நடக்கிறது. ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் தெற்காசியாவிலும் பெண்குழந்தைக்குக் காது குத்துவது அன்பின் வெளிப்பாடு. குத்தாமல் விட்டால் உறவினர்கள் காரணம் கேட்பார்கள். பிரிட்டனில் பலர் அதைக் குழந்தையின் உடல்மீது அதன் ஒப்புதலின்றிச் செய்யும் அத்துமீறலாகப் பார்க்கிறார்கள்; 2015இல் அதைத் தடைசெய்யக் கோரிய இணையவழி மனுவில் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், முறையாகச் செய்தால் எந்த வயதிலும் ஆபத்து குறைவே என்று ஏற்றுக்கொண்டாலும், துளையைத் தானே பராமரிக்கும் பக்குவம் பிள்ளைக்கு வரும்வரை காத்திருக்குமாறு அறிவுறுத்துகிறது.

இரு தரப்பின் வாதத்திலும் ஒரு விடுபடல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எதிர்ப்பவர்கள் இதை வலியைப் பற்றிய பிரச்சினையாக மட்டும் காண்கிறார்கள். ஆனால் ஒரு சமூகத்தில் எல்லாப் பெண்களின் காதும் குத்தப்பட்டிருக்கும்போது, குத்தாமல் விடுவதும் பெற்றோர் குழந்தைக்காக எடுக்கும் முடிவுதான், அந்த வெறுங்காதும் அவள் சார்பில் பேசத்தான் செய்யும். ஆதரிப்பவர்களோ, “பிடிக்காவிட்டால் பின்னர் கழற்றிவிடலாம்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். புதிதாகக் குத்திய துளை சில நாட்களில் தூர்ந்துவிடலாம். ஆனால் பல ஆண்டுகள் அணி பூண்ட துளையின் உட்புறம் முழுவதும் தோல் வளர்ந்திருக்கும். அணியைக் கழற்றினால் அது சுருங்குமே தவிரப் பெரும்பாலும் முற்றாக மூடாது. வளர்ந்தபின் அது வேண்டாம் என்று முடிவெடுப்பவருக்கு, எஞ்சிய வழி சிறு அறுவைச் சிகிச்சையும் அது விட்டுச்செல்லும் மெல்லிய தழும்புமே.